குதிரைக்கு வேகமா, கடிவாளமா?

 

மோட்டார் வண்டிகளைப் பற்றி எழுத எனக்குத் தகுதி உண்டா என்று கேட்டால், இல்லை என்பதே நேர்மையான விடை. மத்ரஸாவில் கற்பிக்கும் அரபி இலக்கணமும், கல்லூரி நாள்களில் படித்த வரலாறுமே என் கைமுதல். எனக்கு ஓட்டத் தெரிந்த ஒரே வாகனம் ஸ்கூட்டர். அதையும் கடைத்தெருவில் நிதானமாகத்தான் ஓட்டுவேன். ஆயினும் இம்மாதம் ஒரு பந்தயக் காரைப் பற்றிப் பத்து நாள்கள் படிக்கவும் கேட்கவும் சிந்திக்கவும் நேர்ந்தது. காரணம், என் லாத்தா மகனிடமிருந்து வந்த கடிதம்.

அவர் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், டியர்பார்ன் நகருக்கு அருகே பணிபுரிகிறார். ஃபோர்டு நிறுவனத்தின் தலைமையகம் அமைந்திருக்கும் ஊர் அது. நம் ஊர்களில் பிள்ளைகள் கடலைப் பார்த்து வளர்வதுபோல் அங்கே உள்ளவர்கள் கார்களைப் பார்த்து வளர்கிறார்கள். இரண்டாண்டுகளுக்கு முன்னர், தம் சேமிப்பைக் கொண்டு, கடனின்றி, 2016ஆம் ஆண்டு மாடல் ஃபோர்டு மஸ்டாங் ஜி.டி. ஒன்றைக் கைமாற்றாக வாங்கினார். மஸ்டாங் என்பது அமெரிக்கச் சமவெளிகளில் கட்டற்றுத் திரியும் குதிரைக்குரிய பெயர். காரின் முகப்பிலும் ஓடும் குதிரையின் உருவமே சின்னமாக இருக்கிறது.

கைப்பேசியில் அவர் அனுப்பிய கடிதம் நீளமாக இருந்தது. எழுத்து பொடியாகத் தெரிந்ததால் அச்செடுத்துப் படித்தேன். அதன் சாரம் இது:

"மாமா, நான் வாங்கியது சாதாரண ஜி.டி. இதே ஆண்டில், இதே நிறத்தில், பெர்ஃபார்மன்ஸ் பேக்கேஜ் என்னும் தொகுப்போடு கூடிய வண்டி ஒன்று இங்கே விற்பனைக்கு வந்திருக்கிறது. என் முன்னால் மூன்று வழிகள் உள்ளன. என் வண்டியைக் கொடுத்துவிட்டு, மேற்கொண்டு பணம் கட்டி அதை வாங்கலாம். மேற்கொண்டு கட்ட வேண்டிய தொகையை மாதத் தவணையில் தருவதாகச் சொல்கிறார்கள். அல்லது அத்தொகுப்பின் பாகங்களைத் தனித்தனியாக வாங்கி என் வண்டியிலேயே பொருத்தலாம். அல்லது ஒன்றும் செய்யாமல் இருக்கலாம். மூன்றாவதற்கு மனம் ஒப்பவில்லை. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?"

கடிதத்தின் அடியில் அவருடைய மனைவி நான்கு வரிகள் எழுதியிருந்தார்:

"மாமா, வண்டி வேண்டாமென்று நான் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் அதைத் துடைத்து மினுக்கும்போது எனக்கும் பார்க்க ஆசையாகத்தான் இருக்கிறது. இன்னும் மூன்று மாதத்தில் பிள்ளை பிறக்கவிருக்கிறது. இந்தத் தொகுப்பு வந்தால் வண்டி இன்னும் வேகமாக ஓடுமா? அதை மட்டும் விசாரித்துச் சொல்லுங்கள்."

கணவரின் கேள்வியைக் காட்டிலும் மனைவியின் கேள்வி என்னை அதிகமாக அசைத்தது. எனவே அதற்கே முதலில் விடை தேடத் தொடங்கினேன். வளைகுடாவில் இருபது ஆண்டுகள் கார்ப் பட்டறையில் உழைத்துவிட்டு ஊர் திரும்பியிருக்கும் நண்பர் ஒருவர் எனக்கு ஆசிரியராக அமைந்தார். என் மாணவர்களிடம் நான் காட்டும் பொறுமையைவிட அவர் என்னிடம் காட்டிய பொறுமை பெரிது.

தொகுப்பில் என்ன இருக்கிறது?

பெர்ஃபார்மன்ஸ் என்ற சொல்லைக் கேட்டதும் நம் மனத்தில் தோன்றுவது வேகம். என்ஜினுக்குள் ஏதோ மருந்து ஊற்றி அதன் வலிமையைக் கூட்டிவிடுவார்கள் என்றே நானும் எண்ணியிருந்தேன். பட்டியலைப் பார்த்தபோது வியப்படைந்தேன்.

2015ஆம் ஆண்டு மாடல் மஸ்டாங் ஜி.டி.யில் 5 லிட்டர் கொள்ளளவும் எட்டு சிலிண்டர்களும் கொண்ட என்ஜின் இருந்தது. அதன் வலிமை 435 குதிரைத்திறன். அவ்வாண்டு 2,495 டாலர் கூடுதலாகக் கொடுத்துத் தொகுப்போடு வாங்கியவரின் வண்டியிலும் அதே 435 குதிரைத்திறன்தான். ஒரு குதிரைகூட அதிகமில்லை!

அப்படியானால் அந்தப் பணத்துக்கு என்ன கொடுத்தார்கள்? சாதாரண ஜி.டி.யின் முன்சக்கரங்களில் 352 மில்லிமீட்டர் விட்டமுள்ள பிரேக் டிஸ்க்கும், அதை இறுக்கிப் பிடிக்க நான்கு பிஸ்டன் கொண்ட காலிப்பரும் இருந்தன. தொகுப்பில் டிஸ்க்கின் விட்டம் 380 மில்லிமீட்டர் ஆயிற்று. பிஸ்டன்கள் ஆறு ஆயின. அவற்றைச் செய்தளித்தது பிரேக்குகளுக்குப் பெயர்பெற்ற இத்தாலிய நிறுவனமான பிரெம்போ. ரேடியேட்டர் பெரிதாக்கப்பட்டது. முன்புற ஸ்பிரிங்குகள் கடினமாயின. வளைவில் வண்டி சாயாமல் தாங்கும் பின்புற ஸ்டெபிலைசர் தண்டு தடித்தது. முன்பக்க உடற்கூட்டை இறுகச் செய்யும் குறுக்குச் சட்டங்கள் சேர்ந்தன. 18 அங்குலச் சக்கரங்களுக்குப் பதில் 19 அங்குலச் சக்கரங்கள் வந்தன. முன்னால் 255, பின்னால் 275 மில்லிமீட்டர் அகலத்தில், கோடைக்காலத்துக்கென்றே செய்யப்பட்ட பிரெல்லி டயர்கள் அவற்றில் ஏறின. வழுக்கும் சக்கரத்துக்கு விசையை வீணாக்காமல் பிடிப்புள்ள சக்கரத்துக்கு அனுப்பும் டார்சன் வகை டிஃபரன்ஷியலும் உண்டு. பின்புறம் அழகுக்கு நிற்கும் ஸ்பாய்லர் என்னும் இறக்கையை நீக்கிவிடுவதும் பட்டியலில் ஓர் அம்சம். தோற்றப் பகட்டுக்காக வாங்குவோர் இதைக் கவனிக்க வேண்டும்.

இந்தப் பட்டியலை என் நண்பர் ஒரே வாக்கியத்தில் சுருக்கினார்: "ஹஜ்ரத், குதிரைக்கு இவர்கள் தீனி கூட்டவில்லை. கடிவாளத்தையும் லாடத்தையும் மாற்றியிருக்கிறார்கள்."

இது ஒரு மாடலுக்கு மட்டும் உரிய செய்தியன்று. 2018ஆம் ஆண்டில் மஸ்டாங் ஜி.டி.க்கு இரண்டாம் நிலைத் தொகுப்பு ஒன்று 6,500 டாலருக்கு வந்தது. 305 மில்லிமீட்டர் அகல டயர்கள், சாலையின் மேடுபள்ளத்துக்கேற்ப நொடிக்கு நொடி தம் இறுக்கத்தை மாற்றிக்கொள்ளும் ஷாக் அப்சார்பர்கள், அரை அங்குலம் தாழ்ந்த உடல் என அதில் பலவும் இருந்தன. என்ஜின் மட்டும் தொகுப்பில்லாத வண்டியில் உள்ள அதே 460 குதிரைத்திறன் என்ஜின். டொயோட்டா நிறுவனம் ஜி.ஆர்.86 என்னும் சிறிய காருக்கு 2024ஆம் ஆண்டு மாடலில் அளித்த தொகுப்பிலும் பிரெம்போ பிரேக்குகளும் உயர்தர ஷாக் அப்சார்பர்களுமே உள்ளன. விதிவிலக்குகளும் உண்டு. ஐரோப்பாவில் ஏழாம் தலைமுறை வோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜி.டி.ஐ. காரின் தொகுப்பு, பெரிய பிரேக்குகளோடு 10 குதிரைத்திறனையும் கூட்டிக் கொடுத்தது. ஆனால் பொதுவாக, காரைச் செய்யும் நிறுவனமே தரும் தொகுப்பில் நிறுத்துவதற்கும் பிடிப்பதற்கும் குளிரவைப்பதற்கும் உரிய பாகங்களே மிகுதி.

ஆகவே அந்தப் பெண்ணின் கேள்விக்கு முதல் விடை கிடைத்தது. என்ஜினின் வலிமையைக் கூட்ட அத்தொகுப்பில் ஒன்றுமில்லை. எனினும் இது பாதி விடைதான். மீதியைப் பின்னர்ச் சொல்கிறேன்.

ஒரு பானைக் கணக்கு

ஓடுவதற்கு வாங்கும் காரில் நிறுத்துவதற்கு ஏன் இவ்வளவு செலவு? இதைப் புரிந்துகொள்ள நம் சமையற்கட்டுக்கு வருவோம்.

ஓடும் வண்டியிடம் ஆற்றல் இருக்கிறது. பிரேக் பிடித்தால் அது மறைந்துவிடுவதில்லை. அதன் பெரும்பகுதி பிரேக் டிஸ்க்கில் வெப்பமாக மாறுகிறது. மஸ்டாங்கின் எடை ஏறக்குறைய 1,700 கிலோ. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும்போது அதனிடமுள்ள ஆற்றல் சுமார் 656 கிலோஜூல். சாதாரண வெப்பநிலையில் உள்ள இரண்டு லிட்டருக்குச் சற்று மேற்பட்ட தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர இது போதும். ஒரே ஒரு முறை வண்டியை நிறுத்துவதில் ஒரு பானை வெந்நீர்! வேகம் இரண்டு மடங்கானால் ஆற்றல் நான்கு மடங்காகும். அதாவது 200 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நிறுத்தினால் ஒன்பது லிட்டர் கொதிக்கும்.

அன்றாடச் சாலையில் ஒரு முறை பிடித்த பிரேக் அடுத்த முறைக்குள் ஆறிவிடும். பந்தயக் களத்தில் அப்படியில்லை. நேர்பாதையில் விரைந்து வந்து வளைவுக்கு முன் வேகத்தைக் குறைக்க வேண்டும். மீண்டும் விரைந்து மீண்டும் குறைக்க வேண்டும். இருபது நிமிடம் இப்படியே செல்லும். ஆறுவதற்கு நேரமேயில்லை. சூடேறிய பிரேக் பட்டைகள் பிடிப்பை இழக்கின்றன. அதைவிட ஆபத்தானது, பிரேக் ஆயில் கொதித்துக் குழாய்க்குள் ஆவிக் குமிழிகள் உண்டாவது. அப்போது பெடலை மிதித்தால் பஞ்சை மிதித்ததுபோல் உள்ளே போகும், வண்டி நிற்காது. பெரிய டிஸ்க் அதிக வெப்பத்தைத் தாங்கும், விரைவில் ஆறும். தொகுப்பு தருவது இந்தத் தாங்கும் சக்தியையே.

கண்ணுக்குத் தெரியாத பாகங்களின் அருமைக்கு மஸ்டாங் குடும்பத்திலேயே சான்று உண்டு. 2016ஆம் ஆண்டு ஷெல்பி ஜி.டி.350 என்னும் உயர்வகை வந்தது. அதில் கியர்பெட்டியையும் டிஃபரன்ஷியலையும் குளிரவைக்கும் கருவிகள் அடிப்படை வண்டியில் கிடையா. களத்துக்கான தொகுப்பை எடுத்தவர்க்கே உண்டு. அவை இல்லாத வண்டிகளைக் களத்தில் ஓட்டியபோது சூடு மிகுந்து, வண்டி தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வலிமையைக் குறைத்துக்கொண்டது என்று உரிமையாளர்கள் முறையிட்டார்கள். 2017ஆம் ஆண்டு மாடலில் அக்கருவிகள் எல்லா ஜி.டி.350 வண்டிகளுக்கும் பொதுவாக்கப்பட்டன. குதிரைத்திறன் எவ்வளவு இருந்தாலும் சூட்டைத் தணிக்க வழியில்லையேல் அது பயன்படாது என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டுவதில்லை.

யாருக்கு வேண்டும்? யாருக்கு வேண்டாம்?

இங்குதான் மருமகனின் கேள்வி வருகிறது. அவருக்கு அது தேவையா?

மிச்சிகனில் பெரும்பாலான நெடுஞ்சாலைகளின் வேக வரம்பு மணிக்கு 70 மைல். அதாவது ஏறக்குறைய 112 கிலோமீட்டர். 2017ஆம் ஆண்டு முதல் சில சாலைகளில் 75 மைல். இந்த வரம்புக்குள் ஓட்டுபவருக்குச் சாதாரண ஜி.டி.யின் நான்கு பிஸ்டன் பிரேக்கே போதும். திடீரென ஒரு குழந்தை குறுக்கே வந்தால் பெரிய பிரேக் இன்னும் விரைவில் நிறுத்தாதா என்று நான் கேட்டேன். நண்பர் தலையசைத்தார். சாதாரணப் பிரேக்கே சக்கரத்தைப் பூட்டும் அளவுக்கு வலியது, பூட்டவிடாமல் ஏ.பி.எஸ். தடுக்கிறது. அந்நிலையில் வண்டி எவ்வளவு தூரத்தில் நிற்கும் என்பதை முடிவுசெய்வது டயருக்கும் சாலைக்கும் இடையிலுள்ள பிடிப்பு. உள்ளங்கை அளவில் நான்கு இடங்களில் மட்டுமே வண்டி பூமியைத் தொடுகிறது. ஒரே ஒரு முறை அவசரமாக நிறுத்துவதில் நல்ல டயர் செய்யும் உதவியைப் பெரிய காலிப்பர் செய்யாது.

ஆனால் அந்தத் தொகுப்பில் வரும் டயர் கோடைக்கால டயர். மிச்சிகனில் ஜனவரி மாதச் சராசரி வெப்பநிலை உறைநிலைக்கும் கீழே. கோடை டயரின் ரப்பர் ஏறத்தாழ 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறுகிப் பிடிப்பை இழக்கிறது. பனியில் அதை ஓட்டலாகாது என்று காரைச் செய்தவர்களே எச்சரிக்கிறார்கள். பிள்ளை பிறக்கப்போகும் மாதத்தைக் கணக்கிட்டுப் பார்த்தேன், டிசம்பர் கடைசி. பனி பொழியும் நள்ளிரவில் மனைவியை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல நேர்ந்தால், அந்த அகன்ற அழகிய டயர்களே அவ்வீட்டுக்குப் பகையாக நிற்கும். தொகுப்பை வாங்குபவர் குளிர்காலத்துக்கென மற்றொரு டயர் வரிசையும் வாங்கத்தான் வேண்டும். தொகுப்பின் விலைச்சீட்டில் இந்தச் செலவு எழுதப்பட்டிருப்பதில்லை.

இன்னொரு செய்தி. கைகியர் வண்டியில் சாதாரண ஜி.டி.யின் பின்அச்சு விகிதம் 3.31; தொகுப்பில் 3.73. சக்கரம் ஒரு முறை சுற்ற, என்ஜின் பக்கத்துத் தண்டு அத்தனை முறை சுற்றுகிறது என்று பொருள். இதனால் சக்கரத்தில் இழுவை ஏறக்குறைய 13 சதவீதம் கூடும். புறப்படும்போது வண்டி துள்ளிப் பாயும். அதே வேகத்தில் என்ஜினும் 13 சதவீதம் அதிகமாகச் சுழலும். எரிபொருளும் அதற்கேற்பச் செலவாகும். அந்தப் பெண்ணின் கேள்விக்குரிய மீதி விடை இதுதான். என்ஜினின் வலிமை கூடாது. ஆனால் புறப்பாடு கூர்மையாகும். கோடை டயரும் கடின ஸ்பிரிங்கும் சேர்ந்து வளைவுகளில் முன்னைவிட விரைந்து செல்லும் துணிவைத் தரும். கடிவாளம் வலுவானது என்று தெரிந்தால் குதிரையை இன்னும் விரட்டத் துணிவது மனித இயல்பு. தொகுப்பின் ஆபத்து அதன் இரும்பில் இல்லை. அது ஓட்டுபவரின் உள்ளத்தில் ஊட்டும் துணிவில் இருக்கிறது.

அதே தொகுப்பு யாருக்குத் தேவை என்றும் சொல்லிவிடுவது நியாயம். அதே மாநிலத்தில் சவுத் ஹேவன் என்னும் ஊருக்கருகே ஜிஞ்சர்மன் என்றொரு பந்தயக் களம் இருக்கிறது. கட்டணம் செலுத்தி, பயிற்சியாளர் துணையோடு, தம் சொந்தக் காரைச் சட்டத்துக்குட்பட்டு வேகமாக ஓட்டிப் பழக அங்கே வாய்ப்புண்டு. ஆண்டுக்கு நான்கைந்து முறை இப்படிக் களத்துக்குப் போகிறவருக்குப் பெரிய பிரேக்கும் பெரிய ரேடியேட்டரும் உயிர்காக்கும் பொருள்கள். அவருக்கு அது வீண்விரயம் அன்று. அந்தப் பொருள் அவசியம் என்பதை அது பயன்படும் இடம் தீர்மானிக்கிறது.

மூன்று வழிகளும் எடைபோடப்பட்டன

முதல் வழி, தொகுப்போடு கூடிய வண்டிக்கு மாறுவது. பொறியியல் நோக்கில் இதுவே சிறந்தது. ஏனெனில் நிறுவனம் பாகங்களை மட்டும் மாற்றவில்லை. ஏ.பி.எஸ்., ஸ்டியரிங், வண்டி தடம்புரளாமல் காக்கும் மின்னணு ஏற்பாடு ஆகியவற்றின் கணக்குகளையும் அந்தப் பாகங்களுக்கு ஏற்பத் திருத்தி அமைத்திருக்கிறது. ஆனால் கைமாற்று வண்டியில் ஒரு வினா எழுகிறது. களத்தில் ஓட்டுவதற்கென்றே வாங்கப்பட்ட வண்டியை முதல் உரிமையாளர் எப்படி ஓட்டியிருப்பார்? பிரேக் டிஸ்க்கிலும் டயரிலும் டிஃபரன்ஷியலிலும் அந்த வரலாறு எழுதப்பட்டிருக்கும். தெரிந்த மெக்கானிக்கைக் கொண்டு பார்க்காமல் வாங்கலாகாது. இதற்கெல்லாம் மேலாக, மேற்கொண்டு கட்டும் தொகைக்கு வட்டி கட்ட வேண்டியிருக்கிறது. கடனில்லாமல் வாங்கிய ஒரு மகிழ்ச்சியைக் கொடுத்துவிட்டு, வட்டியோடு கூடிய மகிழ்ச்சியை ஏன் வாங்க வேண்டும்? நம் வீடுகளில் இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

இரண்டாம் வழி, பாகங்களைத் தனித்தனியே வாங்கிப் பொருத்துவது. 2015இல் மொத்தமாக 2,495 டாலருக்குக் கிடைத்ததை உதிரியாக வாங்கினால் செலவு அதைத் தாண்டிவிடும். ஒன்றை மாற்றினால் மற்றொன்று கேட்கும். ஆறு பிஸ்டன் காலிப்பர் வந்தால் அதற்கு இடமளிக்கும் பெரிய சக்கரம் வேண்டும். சக்கரம் வந்தால் டயர் வேண்டும். பின்அச்சு விகிதத்தை மாற்றினால் வேகமானி சரியாகக் காட்ட மின்னணுக் கணக்கைத் திருத்த வேண்டும். மாற்றங்களைக் காப்பீட்டு நிறுவனத்துக்கு அறிவிப்பதும் கடமை. மறைத்தால் விபத்து நேரத்தில் வழக்காகும். ஆனால் இவ்வழியில் ஒரு நன்மையும் இருக்கிறது. கைப்பணம் உள்ளபோது, தேவையானதை மட்டும், வரிசையாகச் செய்துகொள்ளலாம்.

மூன்றாம் வழி, ஒன்றும் செய்யாதிருப்பது. மருமகனின் மனம் இதற்கு ஒப்பவில்லை என்பதை நான் குற்றமாகக் கருதவில்லை. நேர்த்தியாகச் செய்யப்பட்ட பொருளை விரும்புவது குற்றமன்று. நல்ல எழுத்தாணியை, நல்ல குதிரையை, நல்ல கடிகாரத்தை விரும்பியவர்கள் எக்காலத்திலும் இருந்திருக்கிறார்கள். மஸ்டாங்கின் வரலாறே இந்த விருப்பத்தின் மேல் எழுந்ததுதான். 1964ஆம் ஆண்டு ஏப்ரல் 17ஆம் தேதி நியூயார்க் உலகக் கண்காட்சியில் அது அறிமுகமானபோது தொடக்க விலை 2,368 டாலர் மட்டுமே. பட்டியல் பட்டியலாக விருப்பப் பாகங்களை வைத்து, வாங்குபவரே தம் வண்டியை அலங்கரித்துக்கொள்ளும்படி செய்தார்கள். முதல் ஆண்டில் 4 லட்சத்துக்கு மேல் விற்றது. 1965ஆம் ஆண்டிலேயே ஜி.டி. என்ற பெயரில் ஒரு தொகுப்பு வந்துவிட்டது. முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக்கும் அதில் அடக்கம். ஆக, "இன்னும் கொஞ்சம் கொடுத்தால் இன்னும் நல்லது" என்னும் அழைப்பு அறுபது ஆண்டுக்கு மேற்பட்டது. அவ்வழைப்பில் உண்மையும் உண்டு, வணிகமும் உண்டு. இரண்டையும் பிரித்தறிவதே வாங்குபவரின் வேலை.

நான் எழுதிய பதில்

நண்பரோடு கலந்து, மருமகனுக்கு இவ்வாறு எழுதினேன்:

"அன்பு மருமகனாருக்கு, ஸலாம். வண்டியை மாற்ற வேண்டாம். வட்டிக்குப் போகவும் வேண்டாம். உங்கள் வண்டியிலேயே வரிசையாகச் செய்யுங்கள். முதலாவது, குளிர்கால டயர்கள் நான்கு வாங்குங்கள். இரண்டாவது, பிரேக் ஆயிலை மாற்றுங்கள். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையது. டாட் 4 என்னும் தரத்தின் புதிய ஆயில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறிய அதே ஆயிலுக்கு அத்தரம் கேட்பது 155 டிகிரி மட்டுமே. ஆறு பிஸ்டன் வைத்தாலும் ஆயில் பழையதானால் பயனில்லை. மூன்றாவது, வசந்தம் வந்ததும் களத்துக்கு ஒரு நாள் போய், பயிற்சியாளரை அருகில் வைத்துக்கொண்டு ஓட்டிப் பாருங்கள். அன்று உங்கள் பிரேக் சோர்ந்தால், பெரிய பிரேக் உங்களுக்குத் தேவை என்று பொருள், கைப்பணத்தில் வாங்குங்கள். சோரவில்லையானால், உங்களிடம் இருப்பதே உங்களுக்குப் போதும். இந்த ஒரு நாள் சொல்லும் விடையை நானோ விற்பனையாளரோ சொல்ல இயலாது. நான்காவது, என் மருமகளின் கேள்விக்கு நீங்களே உங்கள் வாயால் விடை சொல்லுங்கள்."

பன்னிரண்டு நாள்களுக்குப் பின் பதில் வந்தது. குளிர்கால டயர்களுக்குச் சொல்லியாகிவிட்டதாம். பிரேக் ஆயிலை மாற்றப் பட்டறைக்குப் போனாராம். மூடியைத் திறந்து பார்த்த மெக்கானிக் அவரையும் அழைத்துக் காட்டியிருக்கிறார். தேன் நிறத்தில் தெளிவாக இருக்க வேண்டிய ஆயில், ஆறிப்போன கடுங்காப்பியைப் போல் கறுத்துக் கிடந்ததாம். முன்பிருந்த உரிமையாளர் எத்தனை ஆண்டுகளாக மாற்றவில்லையோ! இரண்டாண்டுகளாகத் தாமும் பார்க்கவில்லை என்பதை மருமகன் மறைக்காமல் எழுதியிருந்தார்.

"மாமா, வண்டியின் மேற்பூச்சை ஒவ்வொரு ஞாயிறும் மினுக்கினேன். ஆறு பிஸ்டனுக்கு ஆசைப்பட்டேன். நான் தினமும் காலால் மிதிக்கும் பெடலுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று ஒரு நாளும் பார்க்கவில்லை. அன்று இரவு அவளிடம் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். களத்துக்குப் போகும் நாளில் தானும் வந்து பார்க்க வேண்டும் என்கிறாள்; பிள்ளையோடு."

அதன் கீழே அந்தப் பெண் ஒரே வரி எழுதியிருந்தார்: "இப்போது எனக்குப் பயமில்லை மாமா. பிரேக் ஆயில் மாற்ற வேண்டிய அடுத்த தேதியை நானே நாள்காட்டியில் குறித்து வைத்திருக்கிறேன்."

பத்து நாள்கள் கார்களைப் படித்த எனக்கு அதுவே கூலி. மறுநாள் காலையில் என் பழைய ஸ்கூட்டரைப் பட்டறைக்குத் தள்ளிக்கொண்டு போனேன். பின்சக்கரப் பிரேக் பல மாதங்களாகவே கிறீச்சிட்டுக் கொண்டிருந்தது. அதைக் கேட்டுக்கொண்டே, பிறர் வண்டிக்கு அறிவுரை எழுதியிருக்கிறேன்! உங்கள் வீட்டு வாசலில் நிற்பது எந்த வண்டியானாலும் சரி, அடுத்த பாகத்தை வாங்க நினைக்குமுன் இருக்கும் பிரேக்கை ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

இன்ஷா அல்லாஹ், அடுத்த இதழில் சந்திப்போம். வஸ்ஸலாம்.